எலிக்காலம் – 14: மூன்று கூரைகள்

கண்ணாடி ஜாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்த எலியை அப்படியே விட்டுவிட்டுப் போன வாரம் எழுந்து வந்துவிட்டோம். அது செத்ததா பிழைத்ததா என்று தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டுவிட்டார்கள்.

செத்தது.

நடந்ததை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்வோம். 1898 ஜூன் 2, கராச்சி, ரீவ் ஓட்டல். பாஸ்டர் நிலையத்து மருத்துவர் பால் லூயி சிமோன் ஒரு பெரிய ஜாடியின் அடியில் மணல் பரப்பி, பிளேக் வந்த வீட்டில் பிடித்த நோயாளி எலியை உள்ளே விட்டார். அதன் மேல் தெள்ளுப்பூச்சி போதாதோ என்று ஒரு சந்தேகம். ஓட்டலைச் சுற்றித் திரிந்த பூனையிடம் கொஞ்சம் கடன் வாங்கிப் போட்டார். எலி சாகும் தறுவாயில், ஆரோக்கியமான இன்னொரு எலியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து ஜாடிக்குள் இறக்கினார். ஒன்றை ஒன்று தொட வழியில்லை. முதல் எலி மறுநாளே போய்ச் சேர்ந்தது. கூண்டு எலி சில நாள் சாதாரணமாக நடமாடியது. ஒரு வாரம் முடிவதற்குள் அதுவும் செத்தது. அறுத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் பிளேக் கிருமி. தெள்ளுப்பூச்சி இல்லாத நோயாளி எலியோடு நல்ல எலிகளைச் சேர்த்து அடைத்தும் பார்த்தார் சிமோன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?

அந்த ஜூன் போய் ஆகஸ்டில், ரயில் பாதை வழியாகப் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. கராச்சி ஜாடிக்குள் கிடைத்த விடை பெங்களூரின் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. வழியை மறித்துக்கொண்டு நின்றவர் பெயர் பிரேசர்.

*

எங்கள் பேட்டைப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்த பிரேசர் டவுன்காரர்கள் கொஞ்சம் பொறுக்கவும். மறித்த பிரேசர் வேறு, நம் போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் இருந்த பிரேசர் வேறு.

முதலாமவர் தாமஸ் ரிச்சர்ட் பிரேசர். எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியர். 1898இல் அரசாங்கம் அமைத்த இந்தியப் பிளேக் கமிஷனின் தலைவர். டைபாய்டு தடுப்பூசிக்குப் பெயர்போன ஆல்மிராத் ரைட்டும் அதில் உறுப்பினர். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்டு, தொகுதி தொகுதியாக அச்சடித்தார்கள். சிமோனின் தெள்ளுப்பூச்சிக் கருத்து கவனிக்கத்தக்கதே அல்ல என்ற தோரணையில் ஒதுக்கினார்கள். எலிக்கும் பெரிய பங்கு தரவில்லை.

கமிஷனைத் திட்டுவது சுலபம். நானும் வேறொரு கட்டுரையில் ஒருமுறை திட்டித் தீர்த்திருக்கிறேன். இந்தத் தொடருக்காக மறுபடி உட்கார்ந்து படித்தபோது கை கொஞ்சம் தயங்கியது.

சிமோன் செய்து காட்டியது விரல் விட்டு எண்ணக்கூடிய சோதனைகள். ஐரோப்பாவில் வேறு சிலர் முயன்றபோது எலியிலிருந்து எலிக்குத் தெள்ளுப்பூச்சி நோயைக் கடத்தவில்லை. காலி வலேரியோ என்ற ஆராய்ச்சியாளர் எலித் தெள்ளுப்பூச்சியைத் தன் தோலில் விட்டுப் பார்த்து, இது மனிதனைக் கடிப்பதே இல்லை என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த பூச்சி கடிக்கவில்லைதான். போதாததற்குக் கராச்சி ஜாடிக்குள் பூனையின் பூச்சியும் எலியின் பூச்சியும் கலந்து கிடந்தன. கூண்டு எலியைக் கடித்தது எது? சிமோனுக்கே தெரியாது. 'தெள்ளுப்பூச்சி' என்று ஒரே பெயரில் அழைத்துவிட்டால் எல்லாம் ஒரே பூச்சி ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியை வாசகர்கள் ஒரு ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளவும். கடைசியில் கேட்பேன்.

ஆக, கமிஷனின் சந்தேகம் நியாயமானது. சறுக்கியது அடுத்த அடியில். 'இன்னும் நிரூபணமாகவில்லை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இது இல்லை' என்று எழுதினார்கள். நீதிமன்றத்தில் சாட்சி போதாமல் வழக்கு தள்ளுபடியானால், திருட்டே நடக்கவில்லை என்று அர்த்தமா?

அதற்கு ஊர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. வீட்டுச் சுவருக்கெல்லாம் பாதரசக் கரைசல் அடித்தார்கள். சுவரில் இருந்த கிருமி செத்தது. தெள்ளுப்பூச்சிக்கு அது மழைச்சாரல். கூரையைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். ஜனங்களை ஊருக்கு வெளியே கொட்டகைகளுக்கு விரட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கடைசி வைத்தியம் பலித்தது. பலித்ததும், 'பார்த்தீர்களா, வீட்டுக் காற்றில்தான் விஷம்' என்று சந்தோஷப்பட்டார்கள். எலியையும் அதன் பூச்சியையும் வீட்டில் விட்டுவிட்டு மனிதர்கள் மட்டும் வெளியே வந்ததுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தப்பான காரணத்துக்காகச் செய்த சரியான காரியம், தப்பான காரணத்துக்கே சாட்சியாகப் போய் நின்றது.

ஜனங்கள் இந்த வம்புக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெங்களூரில் பிளேகம்மாவுக்கும் கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மனுக்கும் கோயில் எழுந்தது. இன்றும் கூழ் ஊற்றுகிறார்கள்.

*

காட்சி பம்பாய்க்கு மாறுகிறது. வருடம் 1903.

மிருகக்காட்சிச் சாலையில் கினிப்பன்றிகள் கொத்தாகச் செத்துவிழுகின்றன. இந்திய மருத்துவப் பணியில் இருந்த கிளென் லிஸ்டன் என்ற இளைஞர் போய்ப் பார்க்கிறார். பிளேக்தான். பிணங்களின் ரோமத்தை விலக்கினால் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது, அதுவும் எலியின் பூச்சி. கினிப்பன்றி உடம்பில் அந்தப் பூச்சிக்கு என்ன வேலை?

எலிகள் செத்திருக்கின்றன. வீடிழந்த பூச்சி பசியோடு கிடைத்த உடம்பில் ஏறியிருக்கிறது. அப்படியானால் மனிதன் மேலும் ஏறுமே!

லிஸ்டன் எண்ண ஆரம்பித்தார். சாதாரண நாளில் மனிதர்கள் உடம்பிலிருந்து பிடித்த தெள்ளுப்பூச்சி 246. அதில் எலியின் பூச்சி ஒன்றே ஒன்று. பிறகு எலிகள் செத்து விழுந்த ஒரு சாலுக்குப் போனார். சால் என்றால் நம்ம ஊர் ஸ்டோர் வீடு, வரிசை வரிசையாகக் குடித்தனம். அங்கே மனிதர்கள் மேல் பிடித்தது 30. அதில் எலியின் பூச்சி 14.

246க்கு 1. 30க்கு 14. இந்த இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். சாலில் போய் 14 பூச்சியைப் பிடித்ததும் ஓடிவந்து அறிக்கை எழுதியிருந்தால், 'எப்போதும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ' என்று யாராவது ஒரு வார்த்தையில் கவிழ்த்திருப்பார்கள். முதல் 246தான் லிஸ்டனைக் காப்பாற்றியது. ஆனால் அந்த 246ஐப் பொறுக்கிய நாட்களில் அவருக்கு எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும்!

1905இல் புதிய குழு வந்தது. ராயல் சொசைட்டி, லிஸ்டர் நிலையம், இந்தியா ஆபீஸ் மூன்றும் சேர்ந்து அமைத்தது. பழைய கமிஷன் சாட்சி கேட்டது. இந்தக் குழு கை அழுக்காக வேலை செய்தது. பரேலில் கவர்னர் மாளிகையாக இருந்த கட்டடம் ஏற்கெனவே பிளேக் ஆய்வுக்கூடமாகியிருந்தது. லாம்ப், லிஸ்டன், பெட்ரி, ரோலண்ட் என்ற வெள்ளைக்காரப் பெயர்களுக்குப் பின்னால், குழுவினர் பட்டியலில் கேசவ பாய், மங்கர், ஆவரி ஆகியோரோடு பி. எஸ். ராமச்சந்திரையர் என்று ஒரு பெயரும் இருக்கிறது. தமிழ்ப் பெயர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான எலிகளை அந்தக் கூடம் அறுத்துப் பார்த்தது. தினமும் காலையில் வந்து இறங்கும் செத்த எலிகளை ஒவ்வொன்றாக மல்லாத்தி, நெறி இருக்கிறதா என்று கழுத்தையும் தொடையிடுக்கையும் தடவுவது வேலை. ராமச்சந்திரையர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் எத்தனை முறை குளித்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

இந்த வாரத் தலைப்புக்கு இப்போதுதான் வருகிறேன்.

*

பரேலில் ஆறு குடிசை கட்டினார்கள். குடோன் என்று பெயர். சாதாரண இந்திய வீடு மாதிரியே. ஆறும் அச்சில் வார்த்தது போல ஒன்று. கூரை மட்டும் வேறு. முதல் இரண்டுக்கு நாட்டு ஓடு. எலிக்கு அரண்மனை. அடுத்த இரண்டுக்குத் தட்டை ஓடு. எலி தங்கும், ஆனால் வசதி குறைவு. கடைசி இரண்டுக்கு நெளி தகரம். எலிக்கு இடமே கிடையாது.

ஒவ்வொரு கூரைக்கும் கீழே ஒரு கம்பிவலை கட்டினார்கள். இந்த வலைதான் முழு வித்தையும். எலி கீழே இறங்க முடியாது. அதன் புழுக்கையும் விழாது. தெள்ளுப்பூச்சி மட்டும் கண்ணி வழியே உதிரும்.

குடிசைகளைச் சும்மா போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஓட்டுக் கூரைகளில் எலி தானாகக் குடியேறியது. பிறகு ஆறு குடிசைகளிலும் பிளேக் ஏற்றிய கினிப்பன்றிகளையும் நல்ல கினிப்பன்றிகளையும் ஒன்றாக விட்டார்கள். நாட்டு ஓட்டுக் குடிசையில் நோய் பரவியது. தட்டை ஓட்டிலும் பரவியது. தகரக் குடிசையில் நோயாளியும் நல்லதும் ஒரே இடத்தில் தின்று, ஒரே இடத்தில் கழிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்தன. ஒன்றுக்கும் தொற்றவில்லை.

தொட்டால் ஒட்டும், மூச்சில் வரும், மூத்திரத்தில் வரும், மண்ணில் இருந்து ஏறும் என்று அதுவரை சொன்னதெல்லாம் அந்தத் தகரக் குடிசையின் தரையில் ஒரேயடியாக விழுந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 'தகரம் சூடாகும், அந்தச் சூட்டில் கிருமி செத்திருக்கும்' என்று யாராவது கேட்பார்களே! அதனால் அதே தகரக் குடிசைக்குள், மற்றதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, தெள்ளுப்பூச்சியை மட்டும் கொண்டுவந்து விட்டார்கள்.

கினிப்பன்றிகள் சாக ஆரம்பித்தன.

இன்னொரு சோதனை. பூச்சி மண்டிய தரைக்கு இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கூண்டு. இரண்டடி உயரத்தில் ஒரு கூண்டு. எலித் தெள்ளுப்பூச்சி நான்கைந்து அங்குலத்துக்கு மேல் தாவாது. தாழக் கட்டிய கூண்டில் இருந்ததற்கு நோய் வந்தது. உயரக் கட்டியது பிழைத்தது. காற்றில் விஷம் இருந்திருந்தால் இரண்டடி உயரத்தில் இருந்தது மட்டும் மூச்சு விடாமலா இருந்தது?

சிமோன் ஜாடியில் சொன்னதைத்தான் பரேல் குடிசையில் சொன்னது. ஆனால் ஜாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள் குடிசையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். 1906 முதல் அறிக்கைகள் ஜர்னல் ஆப் ஹைஜீன் இதழில் வர ஆரம்பித்தன.

*

இப்போது நம் பிரேசர். ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசர். நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குச் சிறு வயதில் ஆசிரியராக இருந்தவர், பிறகு மைசூர் சமஸ்தானத்தில் ரெசிடென்ட். எலியை மதிக்காத கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு பிரேசர். எலிக்குப் பயந்து கட்டிய ஊருக்குப் பெயர் கொடுத்தவர் இன்னொரு பிரேசர். கதாசிரியன் இப்படிப் பெயர் வைத்திருந்தால் எடிட்டர் அடித்திருப்பார்.

1898இல் அடிபட்ட தண்டுப் பகுதி நெரிசலில் பிதுங்கியது. பிளாக்பள்ளி சந்துகளில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். சிப்பாய்களோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த நெரிசலைத் தளர்த்த, கண்டோன்மென்ட் வடகோடியில் புதிய பேட்டை திட்டமிட்டார்கள். 1910 ஆகஸ்டில் திறந்தது. வரைபடம் போட்டவர் முனிசிபல் இன்ஜினீயர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். 'பிளேக் புகாத நகரமைப்பு' என்ற பொருளில் பெங்களூர் அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதி 1914இல் மெட்ராஸில் அச்சிட்டார். ஸ்டீபன்ஸ் ரோடு இன்றும் இருக்கிறது. அந்த வழியாக மாஸ்க் ரோட்டுக்கு ரம்ஜான் மாதம் ஹலீம் தின்னப் போகிறவர்களுக்கு அவர் யார் என்று தெரிய நியாயமில்லை.

ஸ்டீபன்ஸின் யோசனையை எளிதாகச் சொல்லலாம். எலி வளை தோண்ட முடியாத தரை. எலி ஒளிய முடியாத கூரை. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் காலி இடம். அகலத் தெரு. பரேல் குடிசையின் பாடத்தை ஒரு பேட்டை அளவுக்குப் பெரிதாக்கியது போல இருக்கிறது.

போல இருக்கிறது. அவ்வளவுதான்.

எம். எம். ரோட்டுப் பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் ஒரு பழைய பங்களாவில் போன மாதம் காபி கிடைத்தது. வீட்டுப் பெரியவர் மாடத்தில் நின்று கூரையைக் காட்டி, "எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த வீட்டுக்குள்ள பிளேக் வந்ததில்ல சார், எல்லாம் இந்தக் கூரைதான்" என்றார். எனக்குச் சட்டென்று என் எலி மருந்துக் கதை ஞாபகம் வந்தது. இருபது வருடம் முன்பு வாடகை வீட்டில் எலித் தொல்லை தாங்காமல் ஒரு மருந்துக் கேக் வாங்கி வைத்தேன். ஒரு வாரத்தில் எலி மாயம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மருந்தைச் சிபாரிசு செய்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பின்பக்கத்து அரிசி மண்டி அதே வாரம் காலி செய்துகொண்டு போயிருக்கிறது. மருந்துக் கேக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு பல் தடம் இல்லை.

பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. காபி நன்றாக இருந்தது.

ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டும். பரேலில் ஆறு குடிசைக்கும் கூரை மட்டும்தான் வேறு. பிரேசர் டவுனில் எல்லாமே வேறு. கூரை மாறியது, நெரிசல் குறைந்தது, மண்டி தள்ளிப்போனது, தனி வீடு கட்ட வசதியுள்ள குடும்பங்கள் வந்தன. இங்கே ஒரு வீட்டுக்குப் பிளேக் வராமல் போனால், அந்தப் புண்ணியத்தை எதன் கணக்கில் எழுதுவது? ஸ்டீபன்ஸ் மேல் குற்றமில்லை. ஊர் கட்டுகிற இன்ஜினீயர் ஜனம் சாகாமல் இருக்க வழி தேடுவார். ஒவ்வொன்றாக மாற்றி, எதில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றியது சரி. அதைப் பார்த்துவிட்டு 'கூரைதான் காரணம்' என்று நாம் சொன்னால்தான் தப்பு.

சரி, கூரையையே காரணமாக வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது? இங்கேதான் கதை திரும்புகிறது.

*

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ராத்திரி ஏறினால் காலையில் மெட்ராஸ். பிளேக் காலத்திலும் ரயில் ஓடியது. பிளேக் ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' திணித்து, தினமும் வந்து முகத்தைக் காட்டு என்றார்கள். சேலத்தில் பிளேக். கோயமுத்தூரில் பிளேக். நீலகிரி ஏறிவிட்டது. வட ஆற்காட்டிலும் இருந்தது. மெட்ராஸ் பட்டணத்துக்கும் நோயாளிகள் வந்து இறங்கினார்கள். சிலர் அங்கேயே செத்தார்கள். ஆனால் நோய் பட்டணத்தில் வேர் பிடிக்கவில்லை.

பட்டணத்தில் எலி இல்லையா? கொத்தவால் சாவடியில் ராத்திரி நடந்தவர்கள் சொல்லட்டும். நாட்டு ஓடு இல்லையா? ஜார்ஜ் டவுன் முழுக்க அதுதான். நெரிசல், அரிசி மண்டி, தெள்ளுப்பூச்சி எல்லாம் தாராளம். பரேல் பாடத்தின்படி பம்பாய்க்கு அடுத்து மெட்ராஸ்தான் சுடுகாடாகியிருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் காப்பாற்றியது என்றார்கள் அதிகாரிகள். மாரியம்மன் காப்பாற்றினாள் என்றார்கள் ஜனங்கள். கடல் காற்று என்றார்கள் டாக்டர்கள் சிலர். மூன்று பேரிடமும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மெட்ராஸ் இல்லை.

இல்லையா?

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கொழும்பு. அதே மாதிரித் துறைமுகம், அதே எலி, இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கும் அதே அரிசி மூட்டை. பம்பாயில் பிளேக் தொடங்கிப் பதினேழு வருடம் ஆகியும் கொழும்பு தப்பித்திருந்தது. 1913இல் அந்த நகரசபையின் கிருமியியல் நிபுணர் லியனார்ட் ஃபேபியன் ஹர்ஸ்ட் எலிகளைச் சீவி எடுத்த தெள்ளுப்பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்தார். பம்பாயில் கொலைகாரன் என்று பரேல் கையும் களவுமாகப் பிடித்த பூச்சிக்கு கியோபிஸ் என்று பெயர். எகிப்துப் பிரமிடுக்குச் சொந்தக்கார ராஜாவின் பெயரைச் சார்ல்ஸ் ராத்ஸ்சைல்ட் அதற்கு வைத்திருந்தார். அதைத்தான் ஹர்ஸ்ட் எதிர்பார்த்தார். வெறும் கண்ணுக்கு அதேதான். அதே நிறம், அதே கால், அதே தாவல்.

பெண் பூச்சியின் வயிற்றுக்குள் ஒரு சிறு பை உண்டு. அதன் வடிவம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

அடுத்த பூச்சியை வைத்தார். அதுவும் வேறு மாதிரி. அதற்கடுத்ததும்.

1914 ஜனவரியில் ஹர்ஸ்டின் குறிப்பு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அச்சானது: கொழும்பு எலிகளின் மேல் இருப்பது கியோபிஸ் அல்ல, அஸ்டியா. ஓரமாக முடிந்து வைத்த கேள்வியை இப்போது அவிழ்க்கலாம்.

ஆனால் அதே ஜனவரி முடிவதற்குள், கொழும்பின் தானியக் கிடங்குப் பக்கம் எலிகள் செத்து விழ ஆரம்பித்துவிட்டன. பின்னாலேயே மனிதர்களும்.

(தொடரும்)